சுண்ணாம்புக்குச் சிவக்குமா?

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு வீடியோ போட்டிருந்தாள். அவள் பேரன் படிக்கும் பள்ளியில் வேதியியல் வகுப்பு. ஏசி அறை, வெள்ளைக் கோட்டு, வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிறது, சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகிறது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அதன் கீழே நீங்கள் எல்லாரும் எழுதியிருந்தீர்கள். ‘நம்ம காலத்துல நாமளும் பண்ணோமே, ஞாபகம் இருக்கா?’ ‘பி.டி. சார் கிளாஸ், மறக்க முடியுமா!’ கூடவே சிரிக்கிற பொம்மை, பூ, கைகூப்பு.

ஞாபகம் இருக்காவாம்! எனக்கு இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது. அதனால்தான் சிரிக்கிற பொம்மையோடு நிறுத்திக்கொண்டீர்கள். இத்தனை பேரில் ஒருத்தியாவது நம் வகுப்பில் பாதியிலேயே நின்றுபோன அவளைப் பற்றி எழுதுவாள் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். எவளும் எழுதவில்லை. சரி, நானே எழுதுகிறேன். நமக்கெல்லாம் அறுபது நெருங்குகிறது. இனி யார் பிரம்பை எடுத்துக்கொண்டு வரப்போகிறார்கள்? முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த நாற்காலியில் ஊற்றியது நான்தான்.

ஒன்பதாம் வகுப்பு, மார்கழி மாதம். வேதியியல் டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டார். பதில் ஆள் வரவில்லை. ‘யார் சும்மா இருக்கிறார்கள்?’ என்று ஹெட்மாஸ்டர் பார்த்திருப்பார், மைதானத்தில் பி.டி. சார் நின்றிருப்பார். பட்டாளத்திலிருந்து வந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைப் பேண்ட், கழுத்தில் விசில், கக்கத்தில் பிரம்பு. அந்த விசிலோடுதான் ஆய்வகத்துக்குள்ளும் வந்தார். இரவு ஒரு பக்கம் படித்துவிட்டு மறுநாள் அதை நமக்கு நடத்தினார். இப்போது நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. தெரியாத பாடத்தைப் பெண் பிள்ளைகள் முன்னால் நடத்துவதற்கு அவர் எவ்வளவு பயந்திருப்பார்! ஆனால் அந்தப் பயத்தை நம் முட்டியில்தானே காட்டினார்?

அந்தக் காலத்தில் யார்தான் அடிக்கவில்லை? முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்பது நம் குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு வீட்டுக்கும் வேதம். சாயங்காலம் பாக்டரி சங்கு ஊதும். சைக்கிள்கள் மொத்தமாக வெளியே வரும். கால் மணி நேரத்தில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் பெல்ட். உங்கள் வீட்டில் என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் லிட்மஸ் தாள் தீர்ந்துபோயிருந்தது. கேட்டு எழுதியும் வரவில்லை. ‘பூவும் மஞ்சளும் கொண்டு வாங்க, நாமே செய்வோம்’ என்றார் பி.டி. சார். புத்தகத்தில் அப்படி ஒரு பத்தி இருந்தது. நான் வகுப்பு லீடர் என்பதால் மஞ்சள் தாள் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. மையொற்றும் தாளை வாங்கி, மஞ்சள் பொடியைக் குழைத்துத் தடவி, நிழலில் உலர்த்தினேன். வீட்டுத் தரை, என் பாவாடை, தங்கையின் மூக்கு எல்லாம் மஞ்சள். அம்மா அதற்கும் ஒன்று வைத்தாள்.

செம்பருத்திக்கு என் பக்கத்தில் உட்கார்ந்தவளை அழைத்துக்கொண்டு போனேன். அவளைச் சொல்லத்தான் இத்தனையும். அவள் அம்மா வெள்ளையடிக்கிற கான்ட்ராக்டில் வேலை செய்தவர். பொங்கலுக்கு முன்னால் நம் குவார்ட்டர்ஸ் முழுவதும் வெள்ளையடிப்பார்களே, அந்த வேலை. விடிந்ததும் அம்மாவோடு சேர்ந்து சுண்ணாம்பைக் கலக்கி, இரண்டு சுவர் அடித்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வருவாள். என்ன தேய்த்தாலும் கை ரேகையிலும் நகக்கண்ணிலும் வெள்ளை நிற்கும். பரீட்சைத் தாளில்கூட அவள் விரல் பட்ட இடம் தெரியும். நம்மில் சிலர் அவள் டிபன் பாக்ஸைத் தொட மாட்டோம். அதையும் ஒத்துக்கொள்வோம்.

ஆபீசர் பங்களா வேலியில்தான் அடுக்குச் செம்பருத்தி. எட்டிப் பறிக்கும்போது காவல்காரர் தடியோடு ஓடி வந்தார். நான் திரும்பி ஓடிவிட்டேன். அவளுக்குக் கெண்டைக்காலில் ஒரு அடி, முதுகில் ஒரு அடி. பிறகு நொண்டிக்கொண்டே வந்தாள். பாவாடை மடிப்பு நிறையப் பூ.

“இன்னாமே, அழுவுற? அடி வாங்குனது நானு. பூவு கெட்ச்சிச்சில்ல, வா” என்றாள்.

அந்தப் பூவைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்தோம். ஆய்வகமே கஷாயக்கடை போல மணந்தது. ஒரு குப்பியில் எலுமிச்சை, ஒரு குப்பியில் சோப்புத் தண்ணீர். பி.டி. சார் கரும்பலகையில் எழுதினார்: ‘செம்பருத்தி, அமிலத்தில் பச்சை, காரத்தில் இளஞ்சிவப்பு.’ குப்பியிலோ நேர் எதிராக இருந்தது. நான் அதிகப்பிரசங்கி. எழுந்து சொன்னேன்.

“சார், மாறிப்போச்சு சார். எலுமிச்சம்பழத்துக்குத்தான் சிவப்பு. சோப்புக்குத்தான் பச்சை.”

அவர் கரும்பலகையைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தீர்கள். அவர் நடந்து வந்து என் இடது காதோடு சேர்த்து அறைந்தார். விழுந்ததில் மேஜை விளிம்பு பட்டு உதடு கிழிந்தது. அந்தக் காதில் அன்றைக்கு ஆரம்பித்த ரீங்காரம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. போனைக் கூட வலது காதில்தான் வைக்கிறேன். கரும்பலகையில் எழுதியதை அவர் அழிக்கவே இல்லை. நாமும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டோம், தப்பாகவே.

வீட்டுக்குப் போனால் உதட்டைப் பார்த்து அப்பா கேட்டார். சொன்னேன்.

“வாத்தியார எதுத்துப் பேசுனியா?” என்றார்.

“நான் சொன்னதுதான்ப்பா சரி.”

“சரியா இருந்தா? சரியா இருந்தா வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா?”

அப்புறம் பெல்ட். அம்மா தங்கையை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எண்ணிக்கை எனக்கு ஞாபகமில்லை. ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. சரியான பதிலுக்கு இரண்டு இடத்தில் அடி விழும், பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று. இந்தப் பாடத்தை நான் பிறகு மறக்கவே இல்லை. அதுதான் வினை.

நான்கு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு மணி. ஆய்வகச் சாவி லீடரிடம் இருக்கும். காலையில் செய்துகாட்டிய காஸ்டிக் சோடா கரைசல் ஒரு பீக்கரில் பாதி மிச்சமிருந்தது. சோப்பு செய்வதற்கும் அடைத்த சாக்கடையைத் திறப்பதற்கும் போடுவார்களே, அதேதான். சதையில் பட்டால் தின்றுவிடும். தண்ணீர் போலத்தான் இருக்கும், வாசனைகூட இராது. சாரின் நாற்காலி பழைய மர நாற்காலி, உட்காருகிற இடம் குழிந்திருக்கும். நான் அந்தக் குழியில் பீக்கரைக் கவிழ்த்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்? விரலில் பட்டது வழவழவென்று பிசுபிசுத்தது. மேஜையில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகள் கிடந்தன. அமிலம் காரத்தைக் கொல்லும் என்று அந்த வாரம்தான் படித்திருந்தோம். இரண்டு மூடியை எடுத்துக் கை முழுவதும் தேய்த்துக் கழுவினேன். கதவைப் பூட்டிவிட்டு வந்து உங்களோடு உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டேன்.

அவள் அந்தச் சாப்பாட்டு நேரத்தில் நம்மோடு இல்லை. தினமும் இருக்க மாட்டாள். ஓடிப்போய் அம்மாவுக்கு ஒரு டின் சுண்ணாம்பு கலக்கிக் கொடுத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் ஓடி வருவாள்.

பி.டி. சார் வந்தார், உட்கார்ந்தார். வருகைப் பதிவை எடுத்தார். பாதிப் பெயர் வரும்வரை ஒன்றுமில்லை. பிறகு நெளிந்தார். பிறகு எழுந்தார். பேண்டின் பின்பக்கம் நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. கையால் தொட்டுப் பார்த்தவர் அலறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அலறல் நிற்கவில்லை என்றதும்தான் சிரிப்பு அடங்கியது. அப்புறம் தெரிந்தது, இரண்டு தொடையிலும் தோல் உரிந்துவிட்டதாம்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய மனுஷன். வாட்ச்மேனின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, கண் இரண்டும் சிவந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றார். கையில் பிரம்பு இல்லை. குடுவையைப் பிடித்து நிறுத்துகிற ஸ்டாண்டின் இரும்புத் தடியைத் திருகிக் கழற்றி வைத்திருந்தார்.

“யாரு ஊத்துனதுன்னு நான் கேக்கப்போறதில்ல. கேட்டா பொய் சொல்லுவீங்க. கெமிஸ்ட்ரி பொய் சொல்லாது. லீடர், மஞ்சத் தாளை எடு” என்றார்.

நான் செய்த தாள், நான்தான் பிடித்தேன். ஒவ்வொருத்தியாக வந்து தண்ணீரில் கையை நனைத்துத் தாளில் அழுத்த வேண்டும். காஸ்டிக் சோடா தொட்ட கையென்றால் சிவக்கும். அவர் கணக்கு அவ்வளவுதான், ஒரே பக்கப் படிப்பு. “முதல்ல உன் கை” என்றார். அழுத்தினேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. எலுமிச்சைக்குக் கும்பிடு போட்டேன். ஒருத்தி, இரண்டு பேர், பத்துப் பேர். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பிறகு அவள் வந்தாள். தாளின் முன்னால் நின்று கையை நனைத்தாள். நனைக்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு தரம் பார்த்தாள். அழுத்தினாள்.

ஐந்து விரலும் உள்ளங்கையும் ரேகையோடு ரத்தச் சிவப்பாகப் பதிந்தன.

“சுண்ணாம்பு சார்” என்றாள் உடனே. “அம்மாவுக்கு சுண்ணாம்பு கலக்கிக் குட்த்துட்டு வந்தேன் சார். அத்தான் சார் ஒட்டிக்கினு கீது.”

பி.டி. சார் தயங்கினார். இதை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஒரு விநாடி அவர் தயங்கத்தான் செய்தார். தடி கீழே இறங்கியது. என் பக்கம் திரும்பினார்.

“ஏ லீடர். சுண்ணாம்புக்குச் சிவக்குமா?”

சொல்லுங்கள், நம்மில் யாருக்குத் தெரியாது? கல்யாணம், வளைகாப்பு, குழந்தை பிறந்து வீடு திரும்புவது, எதற்கும் மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கலக்குவது யார்? நாம்தானே? ஆம்பிளைகள் தட்டுக்கு முன்னால் நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்பதோடு சரி. அது எப்படிச் சிவக்கிறது என்று எந்த ஆண் கேட்டான்? அந்த அறையில் தெரியாத ஒரே ஆள் பி.டி. சார்தான். அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

என் காதில் ரீங்காரம் கேட்டது. சரியான பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் இல்லை என்றால் அடுத்து யார் என்று தேடுவார். சாவி யாரிடம் இருந்தது என்று யோசிப்பார்.

“தெரியல சார்” என்றேன்.

மேஜைமேல் கையைக் குப்புற வைக்கச் சொன்னார். வலது கை. ஐந்து அடி. முதல் இரண்டுக்கு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது அடியில் சத்தம் வேறு மாதிரிக் கேட்டது, காய்ந்த குச்சி முறிகிற சத்தம். “யம்மா” என்று உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவளின் கையைப் பிடித்து மேலே இழுத்து வைத்து மீதி இரண்டையும் அடித்தார். மேஜையில் ரத்தம் தெறித்தது. நடு விரலும் மோதிர விரலும் வளையக்கூடாத பக்கம் வளைந்திருந்தன. இப்போது முகப்பேரில் பிளாட் வாங்கியிருக்கிறவள், நீதானே முன் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதவள்? மற்றவர்கள் தரையைப் பார்த்தோம். சிவந்த தாளை அவர் என்னிடம் நீட்டினார்.

“பத்திரமா வை. எவிடன்ஸ்” என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன, அந்தத் தாளைப் பிடித்த என் கையில்.

மறுநாள் காலை அவள் அம்மா பள்ளிக் கேட்டுக்கு வந்தார். நாம் பிரேயருக்கு நின்றுகொண்டிருந்தோம். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். முழங்கைவரை சுண்ணாம்பு, கையில் சொட்டிக்கொண்டிருந்த நார் பிரஷ்.

“எவன்டா எம் பொண்ணு கைய ஒட்ச்சவன்? வெளில வாடா! சுண்ணாம்புல ஊறுன கைக்கு வேற இன்னா கலரு வரும்? என் கையி இந்தா கீது, தொட்டுப் பாருங்க! நானுமா வந்து ஊத்துனேன்?”

வாட்ச்மேன் தள்ளினார். அந்த அம்மா விழுந்தார், எழுந்தார். நொண்டிக்கொண்டு வந்த பி.டி. சாரை நார் பிரஷால் முகத்தில் ஒரு போடு போட்டார். அவர் மீசையிலிருந்து சுண்ணாம்பு வடிந்தது. பிறகு மூன்று ஆம்பிளைகள் சேர்ந்து அந்த அம்மாவைத் தலைமுடியைப் பிடித்துத் தெரு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஹெட்மாஸ்டர் மைக்கில், “எல்லாரும் முன்னாடி பாருங்க. பாட்டை ஆரம்பிங்க” என்றார். நாம் பாடினோம்.

ஹெட்மாஸ்டர் என்ன முடிவெடுத்தார் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. போலீசுக்குப் போகவில்லை, அதுவே தர்மம் என்று நினைத்துக்கொண்டார். பொங்கல் லீவு முடியும்வரை அவள் பள்ளிக்கு வரக்கூடாது. அதற்குள் யார் ஊற்றியது என்று வேறு எதுவும் தெரியவராவிட்டால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற முறை வந்தது. அப்பா டியூட்டியில், அம்மா ரேஷன் கடையில். கதவைத் திறந்தால் அவள் நிற்கிறாள். வலது கையில் நாட்டு வைத்தியர் போட்ட கட்டு. முட்டை நாற்றமும் மூலிகை நாற்றமுமாக. இடது கையில் பிரஷ். அவள் அம்மா அடுத்த வீட்டில் அடித்துக்கொண்டிருந்தார்.

அவள் சாமான்களை நடுவில் நகர்த்தினாள், சாக்கை விரித்தாள், அடிக்க ஆரம்பித்தாள். இடது கைக்குப் பழக்கமில்லை. கோடு கோணலாக விழுந்தது, சுண்ணாம்பு அவள் கண்ணிலேயே தெறித்தது. நான் ஈரத்துணியை நீட்டினேன். வாங்கித் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“நான்தான் ஊத்துனேன்” என்றேன்.

“தெரியும்” என்றாள், திரும்பாமலே. “தாளு புட்ச்சிக்கினு நின்ன இல்ல, உங் கையில எலுமிச்ச வாசன வந்துச்சி.”

“அப்புறம் ஏன் நீ சொல்லல?”

“சொன்னா? உங் கையி மஞ்சளா கீது, எங் கையி செவப்பா கீது. எவன் நம்புவான்?” பிரஷை டின்னில் போட்டுவிட்டுத் திரும்பினாள். “ஊத்துனதுக்கு நான் ஒண்ணியும் சொல்லமாட்டேன்மே. எனக்கும் ஊத்தணும்னுதான் இருந்துச்சி. ஆனா சுண்ணாம்புக்குச் செவக்குமான்னு கேட்டாரே, அப்ப நீ இன்னா சொன்ன?”

நான் வாயைத் திறப்பதற்குள் இடது கையால் அறைந்தாள். பல் ஆடியது. அந்த மாதம் நான் வாங்கிய அடிகளில் நியாயமான அடி அது ஒன்றுதான். அழவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

“பொங்கலோட இங்க வேல முடிஞ்சிடும்” என்றாள் மூச்சு வாங்க. “பேர அட்ச்சிட்டாங்கன்னா அம்மா என்ன நசரத்பேட்டைல செங்க சூளைக்கு இட்டுகினு பூடும். அதுக்குள்ள ஹெட்மாஸ்டராண்ட போயி சொல்லு. ஊத்துனது யாருன்னு சொல்ல வாணாம். சுண்ணாம்புக்கும் செவக்கும்னு மட்டும் சொல்லு. போதும்.”

“சொல்றேன்” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

மூன்று தடவை போனேன். முதல் தடவை அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை உள்ளே பி.டி. சார் நின்றிருந்தார். மூன்றாவது தடவை அறையில் ஹெட்மாஸ்டர் தனியாக இருந்தார். நிமிர்ந்து, “என்னம்மா?” என்று நல்லபடியாகவே கேட்டார். எனக்கு அப்பாவின் பெல்ட் ஆணியில் தொங்குவது கண்ணில் வந்தது. “சாக்பீஸ் தீந்துடுச்சு சார்” என்றேன். இரண்டு பெட்டி எடுத்துக் கொடுத்தார். பயந்தாங்கொள்ளி என்று திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்களில் ஒருத்தியும் அந்த அறைப் பக்கமே போகவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறேன்.

லீவு முடிந்து வந்த அன்று வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு. வெள்ளையடிக்கிறவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் பூந்தமல்லியில் அறிவியல் கண்காட்சி. நம் பள்ளி சார்பில் ‘இயற்கை நிறங்காட்டிகள்’. நானும் பி.டி. சாரும் போனோம். செம்பருத்தி, மஞ்சள், பீட்ரூட், எல்லாம் வரிசையாக அடுக்கினோம். அவர் தன் கைப்பட ஒரு சார்ட் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தலைப்பு: ‘குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் மஞ்சள்’. அதன் நடுவில், என்னிடமிருந்து திரும்ப வாங்கிய அவள் கைப்பதிவை ஒட்டியிருந்தார். சிவப்பு வெளுத்துப் பழுப்பாகியிருந்தது, ஆனால் ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. அதைத் தொங்கவிட ஆணி பிடித்தது நான்.

நடுவராக வந்த அம்மா, கண்ணாடி போட்ட ஒரு கல்லூரி ஆசிரியை, அந்தச் சார்ட்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

“ஏம்மா, இதை வச்சு ஒருத்தர் காஸ்டிக் சோடா தொட்டாங்களா இல்லையான்னு நிச்சயமா சொல்ல முடியுமா?”

“முடியாதுங்க மேடம்” என்றேன். யாரும் அடிக்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் எவ்வளவு சுலபமாக வந்தது! “காரம்னு மட்டும்தான் தெரியும். எந்தக் காரம்னு தெரியாது. சுண்ணாம்பு, சோப்பு, எது பட்டிருந்தாலும் சிவக்கும். காஸ்டிக் சோடாவைத் தொட்டவங்க எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவிட்டா, அவங்க கை மஞ்சளாவே இருக்கும்.”

“பிரமாதம்” என்றார் அந்த அம்மா. எங்களுக்கு முதல் பரிசு. பி.டி. சார் என் பின்னால் நின்றிருந்தார். எல்லாரும் கைதட்டியபோது அவர் தட்டவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டமே இல்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் உட்காராமல் என் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்; தொடைப் புண் அப்போதும் ஆறியிருக்கவில்லை. பஸ் ஊரைத் தாண்டியது.

“சுண்ணாம்புக்குச் சிவக்கும்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா?” என்றார்.

“தெரியும் சார்.”

கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியது. அடி விழும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன்.

“அப்போ ஊத்துனது?”

“நான்தான் சார்.”

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். நாளைக்கே அவர் ஹெட்மாஸ்டரிடம் போவார், என் பெயரையும் அடிப்பார்கள், அப்பா என்னைக் கொல்வார், அவள் நசரத்பேட்டையிலிருந்து திரும்பி வருவாள். எல்லாம் ஒரு நொடியில் ஓடியது. அடி விழவில்லை. கண்ணைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வியர்த்திருந்தது. பயந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தினம் பார்ப்பதுதான்.

குனிந்து, மெதுவாக, கெஞ்சுவதுபோல் சொன்னார்.

“இதை யார்கிட்டயும் சொல்லாதம்மா. நானும் சொல்லல. என்ன?”

“சரி சார்” என்றேன்.

அப்போது எனக்கு அவள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிற்றிலிருந்து ஒரு பெரிய கல்லை எடுத்துவிட்டதுபோல அப்படி ஒரு நிம்மதி. பரிசுக் கோப்பை என் மடியில் இருந்தது. பருத்திப்பட்டு ஏரி வந்தது, தண்ணீர் நிறைய இருந்தது, கொக்குகள் உட்கார்ந்திருந்தன. ஆவடி வரும்வரை நான் சந்தோஷமாக வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தேன்.